மொட்டை மாடில ஒரு குட்டி கடல்: தண்ணி எப்படி சுத்துதுன்னு செஞ்சு பாப்போம்

அக்கா மகன் நாலாம் கிளாஸ் படிக்கான். "மாமா, கடல்தண்ணி உப்பு, மழைத்தண்ணி ஏன் உப்பா இல்ல?"ன்னு கேட்டான். ரொம்ப நல்ல கேள்வி, செஞ்சே காட்டிரலாம்னு மாடிக்கு கூட்டிட்டு போனேன். நீங்களும் வீட்டுப் பிள்ளைகளோட செஞ்சு பாருங்க.

1. அகலமான பேசின்ல ரெண்டு விரக்கடை தண்ணி ஊத்தி ரெண்டு கை உப்பு போட்டு கலக்குங்க. இதான் கடல். நடுவுல பேசினைவிட உயரம் கம்மியான காலி டம்ளர நிப்பாட்டுங்க, மிதந்தா உள்ள ஒரு கூழாங்கல் போட்டுக்கிடுங்க.

2. மேல பிளாஸ்டிக் ஷீட்ட மூடி காத்து போகாம கயிறு கட்டுங்க. டம்ளருக்கு நேர் மேல ஒரு சின்ன கல்ல வச்சா ஷீட் குழியும், ஆனா டம்ளர்ல முட்டக்கூடாது.

3. காலைல 10 மணிக்கு வெயில்ல வச்சிட்டு சாயங்காலம் பாருங்க. டம்ளர்ல கொஞ்சமாச்சும் தண்ணி இருக்கும், நாக்குல வச்சா உப்பே கரிக்காது. தண்ணிதான் ஆவியாகி மேல போச்சு, உப்பு பேசின்லயே நின்னுட்டு.

இதேதான் வெளியவும் நடக்கு. தென்மேற்குப் பருவத்துல அரபிக்கடல் ஈரக்காத்து மேற்குத் தொடர்ச்சி மலைல முட்டி மேல ஏறுது, ஏற ஏற குளுந்து அந்தப் பக்கம் கேரளாவுலயே நெறைய கொட்டிருது, மிச்சம்தான் குற்றாலத்துக்கு சாரல், ராதாபுரம் பக்கம் வந்தா வெறும் காத்துதான், அதான் அங்க கரண்டு எடுக்குற காத்தாடி அத்தன நிக்கி. நம்ம ஊர்க் குளம் பெருகுறது ஐப்பசி கார்த்திகைல, வங்கக்கடல் காத்து கொண்டுவர்ற மழைலதான்.

4. இப்ப முக்கியமான வேலை, பேஞ்ச மழை தரைல விழுந்ததும் என்ன ஆகுதுன்னு பாப்போம். மூணு வாட்டர் பாட்டில படுக்க வச்சு மேல்பக்கத்த வெட்டுங்க. ஒண்ணுல புல்ல வேரோட மண்ணோட பத்தையா வைங்க, ஒண்ணுல வெறும் மண்ணு, மூணாவதுல மண்ணு மேல பிளாஸ்டிக் கவர், அதான் சிமெண்ட் தரை. வாய்ப்பக்கம் சரிவா வச்சு அடியில டம்ளர் வைங்க. மூணுலயும் ஒரே அளவு தண்ணி ஊத்துங்க.

கவர் போட்டதுல தண்ணி அப்பவே ஓடிரும். வெறும் மண்ணுல கலங்கலா வரும். புல்லுல மெதுவா, தெளிவா, ரொம்ப நேரம் சொட்டும்.

அந்தப் புல்லுப் பத்தைதான் பொதிகை மலைக்காடு. மழை நின்னும் மாசக்கணக்குல அது கசிய விடுறதாலதான் தாமிரபரணி கோடைலயும் ஓடுது. ஆத்து மணலும் அப்படித்தான், தண்ணிய உள்ள பிடிச்சு வைக்கும், மணல அள்ளிட்டா கரையோரக் கிணறும் கீழ இறங்கிரும். எங்க ஊருக் குளத்துக்கு வர்ற கால்வாய மறிச்சு வீடு கட்டிட்டாங்க, மழை பேஞ்சும் குளம் பாதிகூட பெருகல, தண்ணி எல்லாம் தெருவுல நின்னுச்சு, அதப் பாக்கும்போது வயிறு எரிஞ்சுது.

இன்னொண்ணு, பூமி 1 டிகிரி சூடானா காத்து ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலா ஆவிய பிடிக்கும். கொட்டும்போது மொத்தமா கொட்ட அதுவும் ஒரு காரணம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் பேஞ்சுது. அந்த மாதிரி மழைக்கு மண்ணும் குளமும் சேந்தே திணறும், சிமெண்ட் தரையும் அடைச்ச கால்வாயுமா இருந்தா கேக்கவே வேண்டாம்.

5. அடுத்த மழைல குடையப் பிடிச்சிட்டு உங்க மாடித்தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. தெருவுக்குப் போனா பைப்ப திருப்பி, ஜல்லியும் மணலும் போட்ட குழிக்குள்ள விடுங்க. முத மழை மட்டும் தூசி அழுக்கோட வரும், அத வெளிய விட்டுருங்க.