சாப்பிடாம இருந்தா உள்ள என்ன நடக்குது? கீட்டோன், குரோத் ஹார்மோன் ஸ்டெப் பை ஸ்டெப்

ஃபாஸ்டிங் இருந்தா குரோத் ஹார்மோன் எகிறும், மசில் ஏறும்னு ஜிம்முல நிறைய பேர் சொல்லுவாங்க. முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி தப்பு. ஏன்னு பாக்க, ராத்திரி 8 மணிக்கு கடைசியா சாப்பிட்டதா வெச்சுக்கிட்டு கூடவே வாங்க.

ஸ்டெப் 1: ராத்திரி

சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், அது ஏறியிருக்கற வரைக்கும் கொழுப்பு பெருசா கரையாது. மணி ஆக ஆக இன்சுலின் இறங்கும், கல்லீரல் தன்கிட்ட சேத்து வெச்சிருக்கற சர்க்கரையான கிளைகோஜனை குளுக்கோஸா மாத்தி விட ஆரம்பிக்கும். அந்த ஸ்டாக் சுமார் 100 கிராம்தான், ஆனா மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 120 கிராம் குளுக்கோஸ் வேணும், அப்போ எத்தனை நேரம் தாங்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

ஸ்டெப் 2: மறுநாள்

இப்போ கொழுப்பு செல்லுலேர்ந்து ஃபேட்டி ஆசிட் வெளிய வரும். மசில் அதை அப்படியே எரிச்சுக்கும், மூளையால அது முடியாது, அதனால கல்லீரல் அதை உடைச்சு அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்னு மூளையால எரிக்க முடியற கீட்டோனா மாத்தி ரத்தத்துல விடும், கூடவே கொஞ்சம் அசிட்டோனும் உண்டாகி மூச்சுல போகும், வாய்ல நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வர்றது அதனாலதான். இதுல வேடிக்கை, செஞ்சு குடுக்கற கல்லீரலுக்கே கீட்டோனை எரிக்கற என்சைம் கிடையாது. (ஏகாதசி விரதம்னு பாலும் பழமுமா உள்ள தள்ளினா இந்த ஸ்டெப்புக்கே வர மாட்டீங்க, புண்ணியம் வேணா கிடைக்கும்.)

ஸ்டெப் 3: குரோத் ஹார்மோன்

பட்டினி நீள நீள, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி குரோத் ஹார்மோனை அடிக்கடி, பெரிய அளவுல விடும். அது கொழுப்பை இன்னும் கரைக்கும், மசில் குளுக்கோஸை இழுக்கறதைக் குறைக்கும், புரோட்டீன் கரையறதையும் மட்டுப்படுத்தும். ஆனா வளர்ச்சிக்கு வேணுங்கற, குரோத் ஹார்மோன் சொல்லி கல்லீரல் விடற ஐஜிஎஃப்-1ங்கற இன்னொரு ஹார்மோன் பட்டினில இறங்கிடும், ஏன்னா கல்லீரல் குரோத் ஹார்மோன் சொல்றதை சரியா கேக்கறதில்ல. அதாவது இருக்கற மசிலைக் காப்பாத்தற வேலைதான் நடக்குது, புதுசா கட்டற வேலை இல்ல.

ஸ்டெப் 4: நாள்கணக்கா போனா

1967ல அமெரிக்காவுல ஜார்ஜ் காஹில் டீம், 5-6 வாரம் ஆஸ்பத்திரில பட்டினி இருந்த குண்டானவங்களை அளந்து பாத்தாங்க. மூளைக்கு வேண்டிய எரிபொருள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு கீட்டோன்லேர்ந்து வந்துச்சு. மூளை குளுக்கோஸ் கேக்கறது குறைஞ்சா, குளுக்கோஸ் செய்யறதுக்காக மசிலை உடைக்கறதும் குறையும். தயவுசெஞ்சு இதை வீட்ல ட்ரை பண்ணாதீங்க.

யார் ஃபாஸ்டிங் பக்கமே போகக்கூடாது?

டைப் 1 சுகர் இருக்கறவங்க, கர்ப்பிணிங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேக்காம இறங்கவே கூடாது, சுகர் நார்மலா காட்டும்போதே, கீட்டோன் எகிறி ரத்தம் அமிலமாகற கீட்டோ அசிடோசிஸ் வரலாம். மத்தவங்களுக்கு இருக்கற கொஞ்ச இன்சுலினே கீட்டோனுக்கு பிரேக் போட்டுடும், டைப் 1ல அந்த பிரேக்கே இல்ல. சுகர் பேஷன்டுக்கு ரத்த கீட்டோன் 3 mmol/L தாண்டி வாந்தி, மூச்சு வாங்கறதுன்னு இருந்தா உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க. யூரின் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்ப வேணாம், அது அசிட்டோஅசிட்டேட்டைத்தான் காட்டும், அப்போ ரத்தத்துல அதிகமா இருக்கறது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்.