புது சூப்பர்ஹீரோ காமிக்ஸ்: வாங்கும்போதும் விமர்சிக்கும்போதும் சறுக்கும் இடங்கள்

2024 முதல் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பேச்செல்லாம் இரண்டு வரிசைகளைச் சுற்றியே ஓடுகிறது. ஒன்று டிசி பதிப்பகத்தின் அப்சல்யூட், இன்னொன்று மார்வெல் பதிப்பகத்தின் புதிய அல்டிமேட். பழகிய நாயகர்களை வேறோர் உலகத்தில் முதலிலிருந்து தொடங்கும் வரிசைகள் இவை. இரண்டிலும் நல்ல கதைகள் உண்டு, சுமாரானவையும் உண்டு. ஆனால் 'ஒன்றும் புரியவில்லை', 'இழுவை', 'காசு பிடுங்கும் வேலை' என்று எழும் புலம்பல்களில் பாதிக்கு மேல் கதையின் குற்றமல்ல. தவறான புத்தகத்தை வாங்கியிருப்பார்கள், அல்லது சரியான புத்தகத்தைத் தவறான அளவில் படித்திருப்பார்கள்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

இணையக் கடையில் 'அப்சல்யூட் பேட்மேன்' என்று தேடினால் மூன்று விதமான சரக்கு வந்து நிற்கும்.

முதலாவது, 2024 அக்டோபரில் தொடங்கிய தொடர். கதை ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிராகோட்டா. இதில் புரூஸ் வெய்ன் கோடீஸ்வரன் அல்ல, உழைக்கும் வர்க்கத்துப் பையன். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். ஆல்ஃப்ரெட் வேலைக்காரர் அல்ல, பிரிட்டிஷ் உளவாளி. மார்பில் இருக்கும் வௌவால் சின்னம் கழற்றினால் கோடாரியாகிவிடும்.

இரண்டாவது, 'அப்சல்யூட் எடிஷன்'. இது ஒரு பதிப்பு வடிவம் மட்டுமே. பழைய கதைகளைப் பெரிய அளவில், கெட்டி அட்டையில், உறைப்பெட்டிக்குள் போட்டு 2002 முதல் டிசி விற்றுவருகிறது. 'ஹஷ்', 'தி லாங் ஹாலோவீன்', 'தி கோர்ட் ஆஃப் அவுல்ஸ்' எல்லாம் இந்த வடிவில் 'அப்சல்யூட் பேட்மேன்' என்ற முன்னொட்டோடு வந்தவை. 'கோர்ட் ஆஃப் அவுல்ஸ்' எழுதியதும் அதே ஸ்காட் ஸ்னைடர்தான் என்பதால் கதாசிரியர் பெயரைச் சரிபார்த்தும் ஏமாறலாம். ஓவியர் பெயரைப் பாருங்கள். கிரெக் கபுல்லோ என்றிருந்தால் அது 2011இல் தொடங்கிய பழைய கதை. புதியதற்கு டிராகோட்டா பெயர் இருக்கும். முதல் தொகுப்பின் துணைத்தலைப்பு 'தி ஜூ'.

மூன்றாவது, 'அப்சல்யூட் பவர்'. மார்க் வெய்டும் டான் மோராவும் 2024இல் செய்த 4 இதழ் ஈவன்ட், அதாவது பல நாயகர்களின் தொடர்களையும் தொட்டுச் செல்லும் பெருங்கதை. அமண்டா வாலர் என்ற அரசு அதிகாரி எல்லோருடைய சக்திகளையும் பறிக்கும் இந்தக் கதை டிசியின் வழக்கமான உலகத்தில் நடக்கிறது. அப்சல்யூட் உலகத்துக்கு முன்கதை என்று நினைத்து இதை வாங்கினால் வீண்தான். அந்த உலகம் எப்படிப் பிறந்தது என்பது 2024 அக்டோபரில் வந்த 'டிசி ஆல் இன் ஸ்பெஷல்' இதழில் இருக்கிறது. ஒரு பக்கமிருந்து படித்தால் வழக்கமான உலகம், திருப்பிப் போட்டுப் படித்தால் டார்க்சைட் என்ற வில்லனின் கதை. அதையும் படிக்காமலேயே 'தி ஜூ' தொகுப்புக்குள் நுழையலாம், ஒன்றும் குறையாது.

மார்வெல் பக்கமும் இதே குழப்பம். 'அல்டிமேட் ஸ்பைடர்-மேன்' 2000இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ், மார்க் பாக்லி கைகளில் தொடங்கியது. அதில் பீட்டர் பள்ளி மாணவன். 2024 ஜனவரியில் அதே பெயரில் ஜோனதன் ஹிக்மனும் மார்கோ கெக்கெட்டோவும் தொடங்கியதில் பீட்டருக்கு மேரி ஜேனோடு திருமணமாகி இரண்டு பிள்ளைகள். தாடி வைத்த குடும்பஸ்தனான பிறகுதான் சிலந்தியே கடிக்கிறது. இரண்டும் வெவ்வேறு பிரபஞ்சங்கள். போதாக்குறைக்கு மார்வெல் தன் பழைய தொகுப்புகள் சிலவற்றுக்கு 'அல்டிமேட் கலெக்‌ஷன்' என்றும் பெயர் வைத்திருக்கிறது. புதிய தொடரின் முதல் தொகுப்பில் ஹிக்மன் பெயரும் 'மேரீட் வித் சில்ட்ரன்' என்ற துணைத்தலைப்பும் இருக்கும். 'தி அல்டிமேட்ஸ்' வேண்டுமானால் டெனிஸ் கேம்ப் பெயரைத் தேடுங்கள். மார்க் மில்லர் என்றிருந்தால் அது 2002இல் வந்தது.

1 என்ற எண்ணை நம்புவது

'1ஆம் இதழ் என்றால் அங்கிருந்து தொடங்கலாம்' என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் மார்வெலில் அந்த எண் பெரும்பாலும் விற்பனைத் தந்திரம். 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என ஆறு முறை மீண்டும் 1இலிருந்து தொடங்கியிருக்கிறது. அட்டையில் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அது 1963இலிருந்து எண்ணிக்கொண்டு வரும் பழைய வரிசை எண்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. 2016இல் தொடங்கிய 'பேட்மேன்' தொடரில் நூறு தாண்டிய எண்ணைப் பார்த்ததும் பயந்து ஓடியவர்கள் பலர். டாம் கிங் 85ஆம் இதழோடு விடைபெற, 86இல் ஜேம்ஸ் டைனியன் வந்தார். 125இல் சிப் ஸ்டார்ஸ்கி வந்தார். 86உம் 125உம் புதியவர்கள் தாராளமாக நுழையக்கூடிய வாசல்கள். அட்டை எண் அதைச் சொல்லாது. கதாசிரியர் எந்த இதழில் மாறுகிறார் என்று பாருங்கள், அங்கேயே தொடங்குங்கள். 2025 செப்டம்பரில் மாட் ஃபிராக்‌ஷன், ஹோர்ஹே ஹிமெனெஸ் கூட்டணியில் 'பேட்மேன்' மறுபடி 1இலிருந்து தொடங்கியபோது மட்டும் எண்ணும் வாசலும் ஒன்றாகவே அமைந்தன.

எக்ஸ்-மென் பக்கம் வேறொரு பயம்: 2019 முதல் 2024 வரை ஓடிய கிரகோவா காலம் முழுவதையும் படித்தால்தான் இப்போதைய இதழ்கள் புரியும் என்பது. தேவையில்லை. மியூட்டன்ட்களுக்கென்று (பிறவியிலேயே சக்தி கொண்டவர்கள்) கிரகோவா என்று ஒரு தீவு நாடு இருந்தது, இப்போது இல்லை. 2024 ஜூலை முதல் ஒவ்வொன்றாக வந்த புதிய தொடர்களுக்கு இந்த ஒரு வரி போதும். ஜெட் மெக்கேயின் 'எக்ஸ்-மென்' அலாஸ்காவில், கெயில் சிமோனின் 'அன்கேனி எக்ஸ்-மென்' லூசியானாவில், ஈவ் யூவிங்கின் 'எக்சப்ஷனல் எக்ஸ்-மென்' சிகாகோவில் என்று மூன்றும் தனித்தனியாக நடக்கின்றன. மூன்றையும் சேர்த்து வாங்கி, 'ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையே' என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஒன்றை எடுங்கள். அணி அரசியல் பிடித்தால் மெக்கே. ரோக், கேம்பிட் ஜோடியைப் பிடித்தால் சிமோன்.

இருபது பக்கத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தமிழ் வாசகர்கள் இதில் விழுவதற்குக் காரணமும் உண்டு. லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஓர் இதழ் என்றால் பெரும்பாலும் ஒரு முழுக்கதை. இரும்புக்கை மாயாவி தொடங்குவார், முடிப்பார், கடைசிப் பக்கத்தில் எல்லாம் சுபம். அமெரிக்க மாத இதழ் அப்படியல்ல. ஏறக்குறைய 20 முதல் 22 பக்கங்கள், விலை பெரும்பாலும் 3.99 அல்லது 4.99 டாலர். அது வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் ஓர் அத்தியாயம் போன்றது. எழுதுபவர் ஐந்தாறு இதழ்களுக்குச் சேர்த்தே திட்டமிடுகிறார், ஏனென்றால் ஒரு தொகுப்புப் புத்தகத்தில் அவ்வளவுதான் அடங்கும்.

ஹிக்மனின் 'அல்டிமேட் ஸ்பைடர்-மேன்' இதற்குச் சரியான உதாரணம். முதல் இதழ் முழுக்க பீட்டர் முகமூடி போடவே மாட்டான்; சிலந்தி கடிப்பதே கடைசியில்தான். 4ஆம் இதழ் ஒரு விருந்து மேசையில் நடக்கிறது: இரண்டு தம்பதியர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவே. மாதம் ஒன்றாக வாங்கிப் படிப்பவருக்கு அது முப்பது நாள் காத்திருந்து கிடைத்த வெறும் பேச்சு. முதல் ஆறு இதழ்களையும் ஒரே மூச்சில் படிப்பவருக்கோ, பீட்டருக்கும் ஹாரி ஆஸ்பார்னுக்கும் இடையில் என்ன ஓடுகிறது என்பது புலப்படும் இடமே அதுதான். தொகுப்பிலேயே மிகச் சிறந்த பகுதி அது என்பது இந்தக் கட்டுரையின் துணிபு.

இதோடு இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புதிய அல்டிமேட் வரிசையில் ஓர் இதழுக்கும் அடுத்ததற்கும் இடையில் கதைக்குள்ளும் ஒரு மாதம் கடந்துவிடும். 'போன சண்டை என்ன ஆயிற்று, நடுவில் ஒரு இதழைத் தவறவிட்டோமா?' என்ற குழப்பம் இதனால்தான். இடைவெளி வேண்டுமென்றே விட்டது. மேக்கர் என்ற வில்லன் திரும்பி வர இரண்டு ஆண்டு கெடு. கதைக்குள் ஓடும் கடிகாரம் அதுவே. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட கதை என்று தெரிந்து படித்தால் அதன் நிதானம் உறுத்தாது. பாதிக்குப் பிறகு துணைப் பாத்திரங்கள் பெருகி வேகம் தொய்கிறது என்ற குற்றச்சாட்டு மட்டும் நியாயமானது. அதைத் தொகுப்பாகப் படித்தாலும் உணரலாம்.

நடைமுறைக்கு ஒரு கணக்கு: புதிய தொடருக்கு 3 இதழ் கொடுங்கள். மூன்றாவது முடிவிலும் 'கதாநாயகனுக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள்' என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் தாராளமாக நிறுத்தலாம். அல்லது மாத இதழை விட்டுவிட்டுத் தொகுப்புக்குக் காத்திருங்கள். மார்வெல் அன்லிமிடெட் செயலியில் புதிய இதழ்கள் ஏறக்குறைய 3 மாதம் கழித்து வந்துவிடும், அதுவரை பொறுப்பது பர்ஸுக்கும் நல்லது.

கைபேசியில் கட்டம் கட்டமாகப் படிப்பது

ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி செயலிகளில் இருக்கிறது. ஒழுங்கான செவ்வகக் கட்டங்கள் கொண்ட பழைய இதழ்களுக்கு அது சரி. 'அப்சல்யூட் வொண்டர் வுமன்' இதழை அப்படிப் படித்தால் ஹேடன் ஷெர்மனின் உழைப்பு முழுவதும் போய்விடும். அவர் ஒரு பக்கத்தையோ இரட்டைப் பக்கத்தையோ ஒரே உருவமாக அமைத்து அதற்குள் கட்டங்களைச் செதுக்குபவர். டெனிஸ் கேம்ப் எழுதி ஹவியர் ரோட்ரிகஸ் வரைந்த 'அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்' இன்னும் மோசமாகச் சிதையும். மனிதர்களின் எண்ணங்கள் அதில் வண்ணப் புகையாக வெளியேறிக் கட்டம் விட்டுக் கட்டம் படர்கின்றன. எந்த நிறம் யாருடையது என்று தொடர்வதுதான் வாசிப்பே. 2025இன் சிறந்த சூப்பர்ஹீரோ காமிக்ஸ் எது என்றால் கை அதன் பக்கம்தான் நீளும். கைபேசியில் பார்த்துவிட்டு 'கிறுக்கல்' என்று ஒதுக்குவது அதற்குச் செய்யும் அநியாயம். டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் வைத்து இரு பக்கக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். கைபேசி மட்டும்தான் என்றால் முதலில் முழுப் பக்கத்தையும் பார்த்துவிட்டுப் பிறகு பெரிதாக்குங்கள்.

ஈவன்ட்டின் வால்களையெல்லாம் வாங்குவது

மார்வெலின் 'பிளட் ஹன்ட்' 2024இல் 5 இதழ். அதன் முடிவில் டாக்டர் டூம் உச்ச மந்திரவாதியாகிறார். 2025இல் வந்த 'ஒன் வேர்ல்ட் அண்டர் டூம்' அங்கிருந்து தொடர்கிறது, 9 இதழ். இரண்டுக்கும் ஏகப்பட்ட கிளை இதழ்கள். முதன்மைத் தொடர் மட்டும் போதும். ஏற்கெனவே வாங்கும் தொடர் ஒன்று ஈவன்ட்டுக்குள் போனால் அதையும் படிக்கலாம். மற்றவற்றை விட்டால் கதையில் ஓட்டை விழாது. விழுந்தால் அது ஈவன்ட் எழுதியவரின் தோல்வி.

அட்டைக்காகப் பதுக்குவது

ஒரே இதழ் ஐந்தாறு அட்டைகளில் வரும், உள்ளே ஒரே கதை. '1:25' என்றால் கடைக்காரர் 25 சாதாரணப் பிரதிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் தருவித்த அட்டை. அதன் விலையை அவரே வைப்பார். நாளை லட்சமாகும் என்று பதுக்குபவர்கள் 1991இன் 'எக்ஸ்-மென்' முதல் இதழை நினைத்துக்கொள்ளலாம். ஐந்து அட்டைகளில் 80 லட்சத்துக்கும் மேல் அச்சாகி, இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது.

முதல் அச்சு என்று சொல்லி விற்றால் அட்டையிலுள்ள பார்கோடைப் பாருங்கள். பெரிய கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஐந்து இலக்கம் இருக்கும். முதல் மூன்றும் இதழ் எண், நான்காவது அட்டையின் வகை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு. 00111 என்றால் 1ஆம் இதழ், முதன்மை அட்டை, முதல் அச்சு. கடைசி இலக்கம் 2 என்றால் மறு அச்சு. 'அப்சல்யூட் பேட்மேன்' முதல் இதழ் பலமுறை மறு அச்சான ஒன்று, அதனால் அதை வாங்கும்போது இந்தச் சோதனை அவசியம். படிக்க மட்டும் வாங்குபவருக்கு மறு அச்சில் எந்தக் குறையும் இல்லை.

எழுதும்போது

'விற்பனையில் முதலிடம்' என்று அடித்துச் சொல்வதற்கு முன், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். காமிக்ஸ் கடைகள் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாத கணக்கில் வாங்குகின்றன, எனவே பட்டியல்களில் இருப்பது கடைகள் எடுத்த பிரதிகளே. வாசகர் வாங்கியவை அல்ல. அட்டை வகைகள் கூடினால் எண்ணும் வீங்கும். முன்பு டயமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தரின் பட்டியலை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். 2020இல் டிசியும் 2021இல் மார்வெலும் வேறு வழி பார்த்துக்கொண்டன, 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் மனு போட்டது. எல்லாப் பதிப்பகங்களையும் அளக்கும் அந்த ஒற்றை அளவுகோல் அதோடு போயிற்று.

பாராட்டோ திட்டோ கதாசிரியர் தலையில் மட்டும் போடுவதும் வழக்கமாகிவிட்டது. 'அப்சல்யூட் பேட்மேன்' 4ஆம் இதழில் கோடுகள் மென்மையாகிவிட்டன என்றால் டிராகோட்டா சோர்ந்துவிட்டார் என்று அர்த்தமல்ல, அந்த இதழை வரைந்தவர் கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டா. 7, 8ஆம் இதழ்களின் உறைபனிக் கதைக்கு மார்கோஸ் மார்ட்டின். மற்ற இதழ்களின் இருட்டுக்கும் நெருப்புக்கும் பாதிப் பொறுப்பு வண்ணம் பூசிய ஃபிராங்க் மார்ட்டினுடையது, பேச்சுக் குமிழ்கள் கிளேட்டன் கௌல்ஸுடையவை. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒவ்வோர் இதழின் முதல் சில பக்கங்களிலோ கடைசியிலோ அச்சாகியிருக்கும். படித்து முடிக்க அரை நிமிடம் ஆகாது.