கருப்பு மார்க்கரை மூடி வையுங்கள்: நம் ஊர் முகங்களுக்கு ஆல்கஹால் மார்க்கரில் நிறம் கொடுப்பது

போன பொங்கலுக்கு உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அப்பத்தாவை உட்காரவைத்து வரைந்தேன். தண்டட்டி போட்டு வளர்த்த காது, கன்னத்துச் சுருக்கம் எல்லாம் பென்சிலில் நன்றாகவே வந்திருந்தன. நிறம் கொடுத்ததும் கெட்டது. அப்பத்தா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏய்யா, தூக்கிட்டுப் போறப்பதான் மொகம் இப்பிடி இருக்கும்" என்றது.

அது சொன்னது சரிதான். நிழல் விழும் இடத்திலெல்லாம் சாம்பலும் கருப்பும் போட்டு வைத்திருந்தேன். அதைச் சரிசெய்யக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். முகம் வரைவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை, நிறம் மட்டும்தான்.

என்ன வாங்குவது

'ஸ்கின் டோன் செட்' என்று வரும் பெட்டிகளில் முக்கால்வாசி பீச்சும் இளஞ்சிவப்பும்தான். நாம் "நல்ல சிவப்பு" என்று சொல்லும் ஆளுக்கே அவை வெளுப்பு. மாநிறம், புதுநிறம், கருப்பு என்று ஒரே வீட்டில் மூன்று நிறம் இருக்கிற ஊரில், அந்தப் பெட்டியின் கடைசி நான்கு பேனாக்கள்தான் தேயும். பெட்டி வேண்டாம், தனித்தனியாக வாங்குங்கள்.

என்னிடம் இருப்பவை ஆறு. எல்லாம் கோப்பிக் என்ற ஜப்பான் கம்பெனி மார்க்கர்: இ11, இ13, இ15, இ18, இ29, வி95. கோப்பிக்கில் மொத்தம் 358 நிறங்கள். மூடியில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் முழிக்க வேண்டாம். 'இ' (மூடியில் E என்று இருக்கும்) என்பது மண் நிறக் குடும்பம்; 'வி' (V) ஊதாக் குடும்பம். கடைசி இலக்கம் ஏற ஏற நிறம் அடர்த்தியாகும். முதல் இலக்கம் ஏற ஏற நிறம் மங்கும். வி95 மங்கலான ஊதா. முகத்துக்கு ஊதா எதற்கு என்று கேட்பீர்கள், வருகிறேன்.

காசு இடிக்கும் என்றால் ஓஹுஹு என்ற விலை குறைந்த மார்க்கர் போதும், தாராளமாகப் பழகலாம். ஆனால் எண்முறை வேறு, கண்ணால் பார்த்துத்தான் இணை தேட வேண்டும். எதை வாங்கினாலும் பிரஷ் முனை உள்ளதாக வாங்குங்கள். உளி மாதிரி வெட்டிய முனையை வைத்துக்கொண்டு மூக்கு ஓரத்தில் திரும்ப முடியாது. அது சுவர் அடிக்கத்தான் லாயக்கு.

தாள்

ஜெராக்ஸ் தாள் மையைக் குடித்துவிடும், கோட்டைத் தாண்டிப் பரவும். மார்க்கர் பேட் என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் அடியில் ஒரு பழைய தாளை வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு நிறமி மை லைனர். ஜெல் பேனாவில் கோடு போட்டால் மார்க்கர் பட்டதும் கண்மை கரைந்த மாதிரி வழியும். பென்சில் கோட்டை முடிந்தவரை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் கரி முனையில் ஏறும்.

முதலில் ஏணி

கையில் உள்ள பேனாக்களை ஒரு துண்டுத் தாளில் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை வரிசையாகத் தீட்டிக் காயவிடுங்கள். மூடியின் நிறத்தை நம்பாதீர்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்ததும் ஒரு படி வெளுக்கும்.

இந்த வரிசைதான் ஏணி. ஒரு முகத்துக்கு அடுத்தடுத்த மூன்று படிகள் போதும். சிவந்த முகத்துக்கு 11, 13, 15. மாநிறத்துக்கு 13, 15, 18. கருத்த முகத்துக்கு 15, 18, 29. மூன்றிலும் முதல் எண் அடித்தளம், நடு எண் உருட்டு (முகத்தை உருண்டையாகக் காட்டும் இடைநிழல்), கடைசி எண் பள்ளம் (ஆழ்ந்த நிழல்).

நான் வழுக்கி விழுந்த முதல் இடம் இது. எல்லா முகத்தையும் பீச்சில் தொடங்கி அதன்மேல் பழுப்பை ஏற்றிக்கொண்டே போனேன். மை அடுக்கடுக்காக ஏறித் தாள் நிறைந்துபோய், ஓரமெல்லாம் பொதபொதவென்று ஊறிவிட்டது. கருத்த முகம் வெளுத்த முகத்தின்மேல் பூசிய பூச்சு இல்லை. அது தொடங்குகிற படியே கீழே இருக்கிறது.

ஊதா

இப்போது அப்பத்தா திட்டிய விஷயம். ஏணி தயாரானதும், முகத்தில் நிழல் விழும் இடங்களில் முதலில் வி95-ஐ வையுங்கள். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டுக்கு அடியில், தாடைக்குக் கீழே கழுத்து. தண்டட்டிக் காதாக இருந்தால் துளையின் உள்விளிம்பிலும் ஒரு கீற்று. பார்க்க அடிவாங்கிய முகம் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். ஐந்து நிமிடம் முழுதாகக் காயவிட்டு, அதன்மேல் அடித்தள நிறத்தை ஒரே சீராக ஓட்டுங்கள்.

மார்க்கர் மை கண்ணாடி மாதிரி, கீழே இருப்பது மேலே தெரியும். பழுப்புக்கு அடியில் ஊதா இருந்தால் ரத்தம் ஓடுகிற நிழல் கிடைக்கும். சாம்பல் இருந்தால் சாம்பல்தான் தெரியும், மதுரை மாசிவீதி மரத்து இலையில் படிந்த தூசி மாதிரி. காயாமல் மேலே ஓட்டினால் ஊதா கரைந்து கன்னமெல்லாம் பரவிவிடும். எனக்குப் பரவியது, இரண்டு தடவை. மேலே ஓட்டும்போதும் அழுத்தித் தேய்க்காதீர்கள். ஆல்கஹால் பழைய மையைத் திரும்ப இளக்கும்.

மீனாட்சி அம்மனை வரைகிறவர்களுக்கும் இதுவே. மரகதப் பச்சை உடம்புக்கு நிழலாகக் கருப்பைப் போட்டால் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். அடியில் நீலம் கலந்த ஊதா வைத்துப் பாருங்கள்.

கலப்பது, மின்விசிறி

அடித்தளம் ஈரமாக இருக்கும்போதே நடு எண்ணைப் பள்ளத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிச் சின்னச் சின்னதாக இழுத்து விடுங்கள். கை தூக்கும்போது கோடு மெலிந்து முடிய வேண்டும். பிறகு சேருமிடத்தை அடித்தளப் பேனாவால் வட்டமாகத் தடவினால் விளிம்பு மறையும். கடைசி எண் கொஞ்சம்தான், ஊதா வைத்த இடங்களில் மட்டும்.

எல்லா விளக்கங்களிலும் இவ்வளவுதான் இருக்கும். எனக்கு மட்டும் திட்டுத்திட்டாக வந்துகொண்டே இருந்தது. காரணம் தலைக்குமேல் சுற்றியது. மதுரை வெயிலில் அதுவும் சித்திரையில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தால், நெற்றியைத் தீட்டி முடிப்பதற்குள் கன்னம் காய்ந்துவிடுகிறது. காய்ந்த விளிம்பில் அடுத்த நிறம் ஏறினால் வரப்புக் கட்டும். முகத்தை நெற்றி, மூக்கு, கன்னம் என்று பிரித்து ஒவ்வொன்றாக முடியுங்கள். அந்தச் சில நிமிடம் விசிறியை நிறுத்துங்கள். வேர்த்த கை படாமல் இருக்க உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள்.

ஒளி, உதடு, உள்ளங்கை

கருத்த தோலில் ஒளி பளிச்சென்று விழும். மத்தியானம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் நின்று பாருங்கள். கூடை தூக்கி வருகிறவர்களின் நெற்றியிலும் கன்னமேட்டிலும் வெளிச்சம் லேசான நீலத்தோடு மினுங்கும், வானத்தின் நிறம் அது. அந்த இடத்தில் அடித்தளத்தை மட்டும் விட்டு, முடிவில் வெள்ளை ஜெல் பேனாவில் ஒரு புள்ளி, பக்கத்தில் வெளிர்நீலக் கலர்பென்சிலில் ஒரு தடவல். வெள்ளை வைத்தபிறகு அதன்மேல் மார்க்கரைக் கொண்டுபோகாதீர்கள், முனை பாழ்.

மஞ்சள் பூசிக் குளித்த முகமென்றால் கன்னத்திலும் மோவாயிலும் வெளிர்மஞ்சள் மார்க்கரை ஒரு பூச்சு, அடித்தளத்துக்கு முன்பே. உதட்டுக்கு ரோஸ் வேண்டாம். முகத்தின் நடு எண்ணையே இரண்டு பூச்சுப் போட்டு, கீழுதட்டில் மட்டும் கொஞ்சம் சிவப்புப் பழுப்பு. உள்ளங்கையும் பாதமும் ஏணியில் ஒரு படியோ இரண்டு படியோ மேலே இருக்கும். முழங்கையும் விரல் முட்டியும் ஒரு படி கீழே. வரைபவர்கள் முகத்தில் உயிரைக் கொடுத்துவிட்டுக் கையை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் பார்த்துச் செய்தவர்கள் சிலர், கோட்டுப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து அதன்மேல் தீட்டலாமா என்று கேட்டார்கள். கோப்பிக் வந்தது 1987-ல், ஜெராக்ஸ் டோனரை (அச்சாகும் கருப்புப் பொடியை) கரைக்காத மை என்றுதான். நகல் என்று பொருள்படும் 'காப்பி' (copy) என்பதிலிருந்துதான் பெயரே வந்தது. மற்ற மார்க்கர்களுக்கு ஓரத்தில் ஒரு கீறல் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிரிண்டர் அச்சாக இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

இன்னொருவருக்கு ஒரு முனை மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது. பேனாவை நட்டுக்குத்தலாக டம்ளரில் போட்டு வைத்திருந்தார். இரண்டு முனைப் பேனாவைப் படுக்கவைத்தால்தான் மை இரண்டு பக்கமும் நிற்கும்.

அப்பத்தா படத்தை மறுபடி வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வாசல்படிக்கு மேலே சாமி படங்களோடு மாட்டச் சொன்னது. மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும், மாட்டக்கூடாது என்றேன். இப்போது அது பீரோ கதவின் உள்பக்கம் இருக்கிறது. யாராவது வந்தால் பீரோவைத் திறந்து காட்டுகிறது.