புறநகரில் ஒரு சிற்பக் கண்காட்சி: முதல் முறை நடத்துபவர்களுக்கு

புறநகர்க் குடியிருப்பில் சிற்பம் என்றதும் ரவுண்டானா நடுவில் ஒரு சிலை, சுற்றிலும் கம்பிவேலி என்றுதான் பலருக்கும் தோன்றும். அதே சிற்பம் நிழல் கொடுத்தால், மழைநீரை வாங்கிக்கொண்டால், உட்கார இடமானால்? அதை ஊரார் சேர்ந்து யோசித்துப் பார்க்கத்தான் இந்தக் கண்காட்சி. ஒரு கூடம், நாலைந்து மேசை, ஒன்றரை மாத அவகாசம் இருந்தால் போதும்.

1. முதலில் நடங்கள்

அழைப்பிதழ், பேனர் எல்லாம் அப்புறம். பத்துப் பேராகச் சேர்ந்து இரண்டு முறை தெருக்களைச் சுற்றி வாருங்கள்: ஒரு முறை உச்சி வெயிலில், ஒரு முறை மழை விட்ட கையோடு. நிழலில்லாத பேருந்து நிறுத்தம், தண்ணீர் தேங்கும் மூலை, யாரும் உட்காராத பெஞ்சு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைபடத்தில் குறியுங்கள். அதிலிருந்து மூன்றே இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் போனால் சமாளிக்க முடியாது.

நடையை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 1981-ல் நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் ஓர் எஃகுச் சுவரை நிறுத்தினார். பெயர் 'டில்ட்டட் ஆர்க்'. அங்கே தினமும் வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு அது வழியை மறித்த சுவர். பொது விசாரணை நடந்தது 1985-ல், அதாவது சுவர் எழும்பி நாலு வருடம் கழித்து. 1989-ல் அகற்றிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல படைப்புதான். கேட்க வேண்டியவர்களிடம் கேட்ட நேரம்தான் தப்பு.

2. படைப்பாளிகளிடம் கேட்க வேண்டியவை

தேர்ந்தெடுத்த இடத்துக்கு யோசித்த சிற்பத்தின் சிறு மாதிரி உருவம் ஒன்று, ஒரு பக்கக் குறிப்பு: ஆளுக்கு இவ்வளவுதான். என்ன பொருள், எத்தனை வருடம் தாங்கும், யார் பராமரிப்பார்கள், மேலே விழும் மழை எங்கே போகும் என்று குறிப்பில் இருக்க வேண்டும். துருவையே நிறமாகக் கொண்ட கார்ட்டென் எஃகு அழகுதான், ஆனால் வழியும் துருநீர் தரையைக் கறையாக்கும். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

மழைக்கணக்கு எளிது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். சிற்பத்தைச் சுற்றி 10 சதுர மீட்டருக்கு 20 செ.மீ. ஆழத்தில் குழிவு எடுத்துச் செடி வைத்தால் அவ்வளவும் அதில் நிற்கும், மெல்ல மண்ணுக்குள் இறங்கும்.

இன்றைக்கு ஒரு படம், இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று இன்னொரு படம் கேளுங்கள். ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982-ல் ஜெர்மனியின் காசல் நகரில் தொடங்கிய '7000 ஓக் மரங்கள்' இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு பசால்ட் (எரிமலைப் பாறை) கல். கல் அப்படியே இருக்கிறது, மரம் அதைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகிறது.

3. மேசை மேல் வைக்கும் மாதிரி உருவம்

எல்லாரும் 1:100 அளவில் செய்யட்டும். 1 மீட்டருக்கு 1 செ.மீ. எங்கள் முதல் கண்காட்சியில் வீடுகள் 1:100-ல் இருந்தன, ஒரு சிற்பம் மட்டும் 1:50-ல் வந்து சேர்ந்தது. மூன்று மீட்டர் சிற்பம் வீட்டுக் கூரைக்குச் சமமாக நின்றது. “இவ்வளவு பெரிசா?” என்று வந்தவர்கள் மிரண்டார்கள். அன்று முழுக்க அளவு விகிதத்தை விளக்கியே தொண்டை கட்டிவிட்டது. 1.7 செ.மீ. உயரத்தில் அட்டை மனிதர்கள் சிலரை வெட்டி நிறுத்தினால் இந்தக் குழப்பம் வராது. விளக்கை அணைத்து ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள், மாலை நிழல் எங்கே விழும் என்று குழந்தைகளுக்குக்கூடப் புரியும்.

4. தரையில் நிஜ அளவு

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அனுமதி வாங்கி, அந்த இடத்திலேயே சிற்பத்தின் அடிப்பரப்பைச் சுண்ணாம்புக் கோடாகப் போடுங்கள். உயரத்துக்கு நாலு கம்பு, ஒரு கயிறு. பிறகு தள்ளி நின்று பாருங்கள்: சைக்கிள்காரர் எங்கே ஒடிக்கிறார், தள்ளுவண்டி எங்கே மாட்டுகிறது?

5. திறப்பு நாள்

படங்களின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மேசைகளுக்கு நடுவே சக்கர நாற்காலி போக வழி விடுங்கள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் “சூப்பர்” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். “இங்கே வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு அட்டை கொடுங்கள். அட்டைகளை இடவாரியாகக் கட்டி உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கம்பும் கயிறும் இன்னும் ஒரு வாரம் அங்கேயே நிற்கட்டும், கூடத்துக்கு வராதவர்களும் அந்த வழியாகத்தானே போகிறார்கள்.