சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் ஷெங்கன் விசா எடுப்பது எப்படி?

ஐரோப்பா சுற்றுலா விசாவுக்கு இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் பார்த்தால், மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும்தான் விசா உண்டோ என்று தோன்றும். சம்பளச் சீட்டு, அலுவலக விடுப்புக் கடிதம், ஃபார்ம் 16 என்றுதான் தொடங்கும். நான் தஞ்சாவூரில் வருமான வரிக் கணக்கு பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலரிடம் இதில் ஒன்றுகூட இருக்காது. நெல் விவசாயி, ஹார்டுவேர் கடைக்காரர், பென்ஷன் வாங்கும் தலைமையாசிரியை இப்படித்தான். "எங்களுக்கெல்லாம் விசா குடுப்பாங்களாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கொடுப்பார்கள். உங்களுக்குப் பணம் எப்படி வருகிறதோ அதை அப்படியே காகிதத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? ஷெங்கன் என்பது ஐரோப்பாவின் 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. பாரிஸில் 2 இரவு, சுவிட்சர்லாந்தில் 4 இரவு, இத்தாலியில் 3 இரவு என்று திட்டம் இருந்தால் சுவிட்சர்லாந்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அங்கேதான் அதிக நாள் தங்குகிறீர்கள். நாள் கணக்கு சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. "அந்த நாட்டில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது" என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக மாற்றிப் போடாதீர்கள். ஹோட்டல் புக்கிங்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பே கொடுத்திருக்க வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள்வரை இழுக்கும். மே மாதப் பயணம் என்றால் ஜனவரியிலேயே காகிதம் சேர்க்கத் தொடங்குங்கள், மார்ச்சுக்குள் கொடுத்துவிடுங்கள். டெல்டா விவசாயிக்கு இந்த மாதங்கள் நன்றாகவே பொருந்தும். ஏன் என்று சொல்கிறேன்.

விவசாயிக்குப் பணம் மாதாமாதம் வராது. குறுவை அறுத்தால் செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறை, சம்பா அறுத்தால் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு முறை. இடையில் உரம், ஆள் கூலி, பிள்ளைகள் ஃபீஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். டிசம்பரில் மூன்று மாத ஸ்டேட்மென்ட் எடுத்துக் கொடுத்தால், இருந்ததெல்லாம் கரைந்துகொண்டிருக்கிற கணக்காகத் தெரியும். நம் ஊர்ப் பட்டம் தெரியாத ஓர் அதிகாரி அதைப் பார்த்து என்ன நினைப்பார்? அதனால் முழுதாக ஒரு வருட ஸ்டேட்மென்ட் கொடுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறிய தொகைகளைப் பென்சிலால் லேசாகக் கோடிட்டுக் காட்டுங்கள். கொள்முதல் ரசீதுகளின் நகலையும் வையுங்கள். சம்பா பணம் கணக்கில் ஏறியபின் ஸ்டேட்மென்ட் எடுத்தால் இருப்பும் நன்றாக இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் எடுத்து ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடலாம்.

விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் ரிட்டர்னே போடவில்லை என்பார்கள். சட்டப்படி தவறில்லை. ஆனாலும் நான் போடச் சொல்வேன். ஐ.டி.ஆர். 2 படிவத்தில் விவசாய வருமானத்தை விலக்குப் பெற்ற வருமானமாகக் காட்டலாம், வரி ஏதும் வராது. இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து போட்டு வைத்த ரிட்டர்னுக்கு, விசா கேட்கும்போது தனி மதிப்பு உண்டு. போகலாம் என்று மனதில் தோன்றிய வருடமே ஆரம்பித்துவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, ரிட்டர்ன்கள், கடையின் நடப்புக் கணக்கு, சொந்தச் சேமிப்புக் கணக்கு எல்லாம் கொடுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் கடையை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வரி எழுதுங்கள். பென்ஷன்காரர்கள் பென்ஷன் ஆணையின் நகலையும் பென்ஷன் ஏறும் கணக்கின் ஸ்டேட்மென்ட்டையும் கொடுத்தால் போதும். வைப்பு நிதி ரசீதுகள் இருந்தால் சேருங்கள்.

இருப்பு எவ்வளவு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 சுவிஸ் பிராங்க் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதைப் பயண நாட்களால் பெருக்கி, அதற்கு மேல் தாராளமாக இருக்கும்படி பாருங்கள். ஆனால் இருப்பைக் காட்டுவதற்காக நகைக்கடன் வாங்கியோ மைத்துனரிடம் கைமாற்று வாங்கியோ கடைசி வாரத்தில் மொத்தமாகப் போடாதீர்கள். ஒரே நாளில் நாலு லட்சம் ஏறியிருந்தால் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும். நிலம் விற்ற பணம், சீட்டு எடுத்த பணம் என்று நியாயமான காரணம் இருந்தால் அதற்கான ஆவணத்தை வையுங்கள்.

அடுத்தது நம் இனிஷியல் விவகாரம். பட்டாவில் சு. கோவிந்தராசு, ஆதாரில் கோவிந்தராஜ் எஸ், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து சுப்பையன் கோவிந்தராஜ். மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், வங்கிக் கணக்கில் அப்பா இனிஷியல். நமக்கு இது சாதாரணம். அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கு நாலு பேர். எல்லாப் பெயரும் ஒருவருடையதுதான் என்று பத்திரத்தில் உறுதிமொழி எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வையுங்கள். விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் இன்சூரன்ஸிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்கட்டும்.

விண்ணப்பத்தோடு வைக்கும் கவரிங் லெட்டரை டிராவல்ஸில் அச்சடித்து வைத்திருக்கும் மாதிரியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பக்கம் போதும், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் யார், எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்போம், செலவு யாருடையது, பணம் எப்படி வருகிறது, ஏன் திரும்பி வருவோம். "எங்களுக்கு இத்தனை ஏக்கர் நிலம், வருடத்தில் இரண்டு போகம், ஜூனில் குறுவைக்கு நாற்றுவிட வேண்டும், அதற்குள் ஊரில் இருக்க வேண்டும்" என்று எழுதினால், நாட்டுக்குத் திரும்புவேன் என்று பத்து முறை எழுதுவதைவிடப் பலமானது.

மற்றவை எல்லோருக்கும் பொதுவானவை. பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் கொடுத்ததாக, அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாகக்கூடியதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, 6 மாதத்துக்குள் எடுத்தது. மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், எல்லா நாட்களுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லி எடுங்கள். விமான டிக்கெட்டை விசா வருமுன் முழுப் பணம் கட்டி வாங்காதீர்கள், ரிசர்வேஷன் போதும்.

விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பி வராது.

சென்னை விசா மையத்தில் நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். ஒரு முறை கொடுத்தால் 59 மாதத்துக்கு அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். 12 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது. வயல் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் திரும்பத் திரும்பக் கேட்கும். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அன்று காலை சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். விரல் நுனியில் மருதாணி வேண்டாம். கவுன்ட்டரில் இருப்பவர் காகிதம் வாங்குகிறவர்தான், முடிவு தூதரகத்துடையது. அவர் முகம் சுளித்தாலும் கலங்க வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். போலி ஸ்டேட்மென்ட், போலி வேலைச் சான்று "நாங்களே ரெடி பண்ணித் தருகிறோம்" என்று சொல்கிற ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். மறுப்புக் கடிதத்தில் பொய் ஆவணம் என்ற கட்டத்தில் டிக் விழுந்தால், அடுத்து பல நாடுகளின் படிவங்களில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உண்மையான காகிதம் கொடுத்து மறுத்தால் அது வேறு. காரணத்தைப் படித்து, குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

விசா வந்ததும் ஸ்டிக்கரில் பெயர், பாஸ்போர்ட் எண்ணைச் சரிபாருங்கள். அப்புறம் இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக ஓர் எண் இருக்கும். தேதிகளுக்கு இடையே 27 நாள் இருந்து, அந்த எண் 12 என்றால் 12 நாள்தான் தங்கலாம். லண்டனுக்கு இந்த விசா செல்லாது. ஹோட்டல் புக்கிங், இன்சூரன்ஸ், திரும்பும் டிக்கெட் நகல்களைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் குடியேற்றக் கவுன்ட்டரில் கேட்பார்கள், பெட்டி கைக்கு வருவது அதற்கு அப்புறம்தான்.