லிஸ்பனில் மேடு ஏறாமல் சுற்றிய கதை

மனைவிக்கு 26-வது வாரம். குழந்தை வருவதற்குள் ஒரு ஊர் பார்த்துவிடலாம் என்று போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் போனோம். ஏழு குன்றுகளின் ஊர் என்று தெரிந்தும், குன்றுச் சரிவில் இருக்கும் அல்ஃபாமா பகுதியில் அறை எடுத்தது என் புத்திசாலித்தனம். முதல் நாளே படிக்கட்டில் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டாள். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கல். தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, தூறல் விழுந்தால் செருப்பு நிற்காது. அந்த மேட்டில் ஏறிப்போகும் 28-ஆம் எண் டிராமில் ஏறவே இடமில்லை.

அன்று இரவே அறையை பைஷாவுக்கு மாற்றினேன். 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டம் போட்டதுபோல் திரும்பக் கட்டிய பகுதி, சமதளம். (முன்பணம் போனது, போகட்டும்.) அங்கிருந்து காய்ஷ் து சொத்ரே நிலையம் நடக்கும் தூரம்தான். ரயிலில் பெலேம் பகுதிக்குப் போனால் ஆற்றங்கரையோரம் மேடில்லாத பாதை. குன்றுக்கு மேலே போக டாக்சி.

இன்னொன்று தாமதமாகத்தான் தெரிந்தது: போர்ச்சுகலில் கர்ப்பிணிகளுக்கு வரிசையில் முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ‘கிராவிடா’ (கர்ப்பிணி) என்று சொன்னால் போதும். முதலில் இவளுக்குக் கூச்சம். ஜெரோனிமோஸ் மடத்து வரிசையைப் பார்த்ததும் அதெல்லாம் போய், வயிற்றில் கை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.