டாட் இன் டொமைனுக்குக் கட்டுப்படியாகும் பதிவு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னையில் சிறு தொழில் நடத்துபவர்கள் பலர், வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போதுமான வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகுதான் தமக்கென்று ஓர் இணையதளம் வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி. டாட் காமில் நல்ல பெயர்கள் பெரும்பாலும் முன்பே பதிவாகிவிட்டதாலும், உள்நாட்டில் மட்டும் விற்பவருக்கு நாட்டின் அடையாளம் பொருத்தமாக அமைவதாலும், டாட் இன் பெயரைப் பலர் நாடுகிறார்கள். அதை விற்கும் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஆனால் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலை முதல் ஆண்டுக்கு மட்டுமே உரியது. டொமைனை நாம் பல ஆண்டுகள் வைத்திருக்கப்போகிறோம்; எனவே அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து ஆகும் செலவையும், பிடிக்காவிட்டால் வெளியேறுவதற்கு உள்ள வழியையும் பார்த்தே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைச் செய்யும் முறையைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: யார் யாரிடம் வாங்கி விற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டாட் இன் பெயர்கள் அனைத்துக்குமான மூலப் பதிவேட்டை நிர்வகிப்பது நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம். இது 2003-இல் தொடங்கப்பட்ட, லாப நோக்கற்ற நிறுவனம். இந்திய இணையச் சேவை நிறுவனங்களின் தரவுப் போக்குவரத்தை நாட்டுக்குள்ளேயே பரிமாறிக்கொள்ளச் செய்வது இதன் மற்றொரு முக்கியமான பணி. அதற்கான மையங்களுள் ஒன்று சென்னையிலும் இயங்குகிறது. 2005 ஜனவரியில் டாட் இன் பதிவு விதிகள் தளர்த்தப்பட்ட பிறகுதான் தனிநபரும் சிறு வணிகரும் இப்பெயர்களை எளிதாக வாங்க முடிந்தது.

நிக்சி தன் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்களின் வழியாகவே பெயர்களை வழங்குகிறது. அந்த நிறுவனங்களுக்குக் கீழே மறுவிற்பனையாளர்கள் இருக்கிறார்கள். இணையதளம் வடிவமைத்துத் தருபவர்களும், தளத்தின் கோப்புகளை வைப்பதற்கான கணினி இடமாகிய ஹோஸ்டிங்கை விற்பவர்களும் பெரும்பாலும் இந்த வகையினர். மறுவிற்பனையாளரிடம் வாங்குவது தவறில்லை. ஆனால் அவர் எந்தப் பதிவு நிறுவனத்தின் கீழ் விற்கிறார் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கடையை மூடிவிட்டால், உங்கள் பெயரை மீட்டெடுக்க நீங்கள் அணுக வேண்டியது அந்த நிறுவனத்தைத்தான்.

டாட் காம் போன்ற பொதுப் பெயர்களை விற்க, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் போதும். நாட்டுக்குரிய பெயர்களின் விதிகளையோ அந்தந்த நாட்டின் பதிவேடே வகுக்கிறது. டாட் இன் பெயரை எந்த நாட்டில் இருப்பவரும் வாங்கலாம். சிங்கப்பூரின் டாட் எஸ்ஜி பெயருக்கோ உள்நாட்டுத் தொடர்பு வேண்டும். ஆகவே டாட் காமுக்கு மலிவான நிறுவனம் என்று நண்பர் பரிந்துரைத்ததே டாட் இன்னுக்கும் மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். சில நிறுவனங்கள் இதை விற்பதே இல்லை.

இரண்டாம் படி: பெயரின் பின்னொட்டை முடிவு செய்யுங்கள்

டாட் இன் மட்டுமன்றி கோ டாட் இன், நெட் டாட் இன், ஆர்க் டாட் இன், ஃபர்ம் டாட் இன், ஜென் டாட் இன், இண்ட் டாட் இன் ஆகியவையும் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. இவை ஒவ்வொன்றும் தனிப்பதிவு. டாட் இன் உங்களிடம் இருப்பதால் கோ டாட் இன்னும் தானாக உங்களுடையதாகிவிடாது. தொடக்க நிலையில் ஒன்று போதும்; பின்னொட்டுகளை எல்லாம் வாங்கிச் சேர்த்தால் ஆண்டுதோறும் அத்தனைக்கும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

தமிழ் எழுத்துகளிலேயே முடியும் 'டாட் இந்தியா' பெயரும் இருக்கிறது. நம் மொழியில் ஒரு முகவரி இருப்பது மகிழ்ச்சிக்குரியது. வாங்க முடிந்தவர்கள் வாங்க வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆயினும் தமிழ் எழுத்து முகவரிகளைச் சில மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் இன்னும் சரியாக ஏற்பதில்லை. ஆதலால் அதை இரண்டாவது முகவரியாக வைத்துக்கொண்டு, தொழிலுக்கான மின்னஞ்சலை டாட் இன் பெயரில் அமைப்பதே பாதுகாப்பானது.

மூன்றாம் படி: ஐந்தாண்டுக் கணக்கைப் போடுங்கள்

இதுவே இந்த விளக்கத்தின் மையம். கோடாடி, பிக்ராக், ஹோஸ்டிங்கர், நேம்சீப் முதலிய நிறுவனங்களுள் மூன்று அல்லது நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: முதலாண்டு விலை, புதுப்பிப்பு விலை, வேறு நிறுவனத்திலிருந்து மாற்றிக் கொண்டுவருவதற்கான விலை, இவற்றின் மீதான வரி. புதுப்பிப்பு விலை பெரும்பாலும் முகப்பில் இருக்காது. விலைப்பட்டியல் பக்கத்தில் சிறிய எழுத்திலோ, பணம் செலுத்தும் பக்கத்தில் ஆண்டுகளின் எண்ணிக்கையை மாற்றும்போதோ அது தெரியவரும். எங்கு தேடியும் கிடைக்கவில்லையென்றால், அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மயிலாப்பூரில் ஊறுகாய் தயாரித்து விற்கும் ஒருவர் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. முதல் நிறுவனம் தொடக்க ஆண்டுக்கு 199 ரூபாயும், அடுத்து ஒவ்வோர் ஆண்டுக்கும் 999 ரூபாயும் கேட்கிறது. இரண்டாவது நிறுவனம் தொடக்கத்தில் 599, பிறகு 649 ரூபாய் கேட்கிறது. ஐந்தாண்டுக்கு முதல் நிறுவனத்தில் 199-உடன் 3,996 சேர்ந்து 4,195 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 4,950 ரூபாய். இரண்டாவதில் 599-உடன் 2,596 சேர்ந்து 3,195. வரியோடு ஏறத்தாழ 3,770 ரூபாய். முதல் நாளில் 400 ரூபாய் மலிவாகத் தோன்றிய நிறுவனம், ஐந்தாண்டு முடிவில் 1,180 ரூபாய் கூடுதலாக வாங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கில் துணைச் சேவைகளையும் சேர்க்க வேண்டும். டொமைன் எந்தத் தளத்துக்கும் அஞ்சல் பெட்டிக்கும் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் டி.என்.எஸ். பதிவுகளை மாற்றும் வசதியும், பிறர் டொமைனை வேறிடத்துக்கு மாற்றிவிடாதபடி பூட்டிவைக்கும் வசதியும் இலவசமாகவே கிடைக்க வேண்டும். அவற்றுக்குக் கட்டணம் கேட்கும் இடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பதிவு விவரங்களை மறைத்துத் தரும் தனியுரிமைச் சேவையை டாட் இன் பெயர்களுக்கு நிக்சி அனுமதிப்பதில்லை. ஆகவே அதற்கென்று ஒரு தொகை பணம் செலுத்தும் பக்கத்தில் வந்திருந்தால் நீக்கிவிடுங்கள். ஹோஸ்டிங், மின்னஞ்சல் பெட்டி, தளம் உருவாக்கும் கருவி ஆகியவை முன்கூட்டியே 'டிக்' செய்யப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம் என்னும் சலுகையும் பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே. அடுத்த ஆண்டின் டொமைன் கட்டணம் என்ன என்று கேட்காமல் அதை ஏற்க வேண்டாம்.

டாட் இன் பெயரை ஒரே முறையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துச் செலுத்தினால் இடையில் வரும் விலையேற்றம் உங்களைப் பாதிக்காது. ஆனால் தள்ளுபடி முதலாண்டுக்கு மட்டுமே இருக்கக்கூடும் என்பதால் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். புதிய நிறுவனமாக இருந்தால், முதலில் ஓராண்டுக்கு வாங்கிப் பார்ப்பதே நல்லது.

நான்காம் படி: பணம் செலுத்தும் வழியைச் சரிபாருங்கள்

வெளிநாட்டு நிறுவனங்களில் சில, டாலரில் பார்க்கும்போது மலிவாகத் தெரியும். கார்டில் டாலர் செலவு செய்தால் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமாகப் பெரும்பாலும் 2 முதல் 3.5 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும். அதன் மீதும் வரி உண்டு. மேலும் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை நாமே கேட்டு இயக்கினால்தான் அது வேலை செய்யும்.

இதைவிட முக்கியமானது தானியங்கிப் புதுப்பிப்பு. 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கார்டிலிருந்து மீண்டும் மீண்டும் பணம் எடுக்கும் நிறுவனம் நம் ஒப்புதலை முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் வர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளாத வெளிநாட்டு நிறுவனங்கள் உங்கள் கார்டில் பணம் எடுக்க முயலும்போது வங்கி மறுத்துவிடும். 'ஆட்டோ ரினியூ' இயக்கத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டால், டொமைன் காலாவதியாகி, தளமும் மின்னஞ்சலும் ஒரே நாளில் நின்றுபோகக்கூடும். எனவே யு.பி.ஐ., நெட் பேங்கிங் ஆகியவற்றை ஏற்கும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். கணக்கில் முன்பணம் வைத்து அதிலிருந்து புதுப்பிக்கும் வசதி இருந்தால் அது மேலும் நல்லது.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் தங்கள் பதிவு எண்ணைக் கணக்கில் சேர்த்த பிறகே பணம் செலுத்த வேண்டும். அந்த எண்ணோடு பில் (இன்வாய்ஸ்) தரும் நிறுவனத்தில் வாங்கினால், கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. அப்படிப்பட்டவர்கள் மேலே சொன்ன ஐந்தாண்டுக் கணக்கை வரியில்லாமல் போட்டுப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: வெளியேறும் வழியைப் பாருங்கள்

ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு டொமைனை மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை. பூட்டைத் திறந்து, இ.பி.பி. குறியீடு எனப்படும் மாற்றுக் கடவுச்சொல்லைப் பெற்று, புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் மாற்றம் தொடங்கும். அந்தக் குறியீட்டை உங்கள் கணக்கிலேயே நேரடியாகப் பெற முடிகிறதா, அல்லது வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் காத்திருக்க வேண்டுமா என்பதை அவர்களுடைய உதவிப் பக்கத்தில் படித்துப் பாருங்கள். மாற்றும்போது கட்டும் தொகையில் வழக்கமாக ஓராண்டுப் புதுப்பிப்பும் அடங்கும் என்பதால், விலை உயர்ந்த நிறுவனத்தில் புதுப்பிப்பதற்குப் பதிலாக மலிவான நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம். பதிவு செய்த முதல் 60 நாள்களுக்குப் பொதுவாக மாற்ற முடியாது. மாற்றத்தைக் காலாவதி நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்பாகவாவது தொடங்கிவிடுங்கள்.

காலாவதியான பிறகு என்ன நடக்கும் என்பதையும் ஒப்பிடுங்கள். சில நாள்கள் வழக்கமான விலைக்கே புதுப்பிக்க அனுமதிப்பார்கள். அதைத் தாண்டினால் மீட்புக் காலம் தொடங்கும். அப்போது புதுப்பிப்பு விலையைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டிவரும். இந்த மீட்புக் கட்டணத்தை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கும் நிறுவனமே நம்பத் தகுந்தது.

ஆறாம் படி: உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்

இணையதளம் செய்து தருபவரிடமே டொமைனையும் வாங்கித் தரச் சொல்வது நம்மிடையே மிகவும் பரவலான பழக்கம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தன் கணக்கில், தன் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டால், சட்டப்படி டொமைனை வைத்திருப்பவர் அவர்தான். கொத்தனார் பெயரில் பட்டா இருக்கும் மனையில் நாம் வீடு கட்டுவதற்கு ஒப்பானது இது. ஊர் மாறினாலும் தொழிலை விட்டாலும் அவருடைய தயவில்தான் உங்கள் முகவரி நிற்கும். விலையில் 300 ரூபாய் மிச்சம் என்பதற்காக இதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். கணக்கை நீங்களே தொடங்குங்கள். பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கட்டும். வடிவமைப்பாளருக்குத் தேவைப்படுவது, டொமைனைத் தளத்தோடு இணைக்கும் நேம்சர்வர் அல்லது டி.என்.எஸ். மாற்றம் மட்டுமே, அவர் தரும் விவரங்களை நீங்களே உள்ளிடலாம்.

கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல், அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சல் பெட்டியும் முடங்கும். மீட்பதற்கான கடிதம் அங்கேதான் வந்து சேர வேண்டியிருக்கும். நெடுநாளாகப் பயன்படுத்தும் ஜிமெயில் முகவரி போதும். கைப்பேசி எண்ணும் நீங்கள் விட்டுவிடப் போகாத எண்ணாக இருக்கட்டும்.

ஏழாம் படி: வாங்குங்கள், உடனே சரிபாருங்கள்

பெயரின் எழுத்துகளை ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்துவிட்டுப் பணம் செலுத்துங்கள். பதிவான பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, வேறு பெயராகத்தான் வாங்க வேண்டும். அடையாளச் சான்று கேட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் தளத்துக்கு நேரடியாகச் சென்று கணக்கில் நுழைந்து கே.ஒய்.சி. சரிபார்ப்பை முடியுங்கள். அதைக் கிடப்பில் போட்டால் டொமைன் முடக்கப்படலாம்.

பிறகு, டாட் இன் பதிவேட்டின் ஹூஇஸ் தேடலில் உங்கள் டொமைனை இட்டுப் பாருங்கள். பதிவு நிறுவனத்தின் பெயரும், தொடங்கிய நாளும், முடிவடையும் நாளும் அதில் தெரியும். பதிவுதாரரின் பெயரை அங்கே பதிவேடே மறைத்திருந்தால், அதை உங்கள் கணக்கின் தொடர்பு விவரப் பக்கத்தில் சரிபாருங்கள். மாற்றத்தைத் தடுக்கும் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். புதிய டொமைன் வாங்கியவர்களைத் தேடி, "உங்கள் பெயரை வேறொருவர் வெளிநாட்டில் பதிவு செய்ய முயல்கிறார், உடனே பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்தும் கடிதங்கள் வருவதுண்டு. அவற்றுக்குப் பதில் எழுத வேண்டாம். முடிவு நாளுக்கு 45 நாள்களுக்கு முன்பு நினைவூட்டும்படி கைப்பேசி நாட்காட்டியில் ஒரு குறிப்பையும், கடையின் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு குறிப்பையும் இப்போதே எழுதிவைத்துவிடுங்கள். அந்த நினைவூட்டல் வரும் நாளில் ஐந்தாண்டுக் கணக்கை அன்றைய விலையில் மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்து, அதே நிறுவனத்தில் புதுப்பிப்பதா, வேறிடத்துக்கு மாற்றுவதா என்று முடிவு செய்யலாம்.